உச்சியும் காலடி நிலமும்: வானியற் கருத்தொன்றின் வரலாறு குறித்துச் சில அவதானிப்புகள்

நிமிர்ந்து நிற்கும் ஒருவரது தலைக்கு நேர் மேலே வானத்தில் அமைவதாகக் கொள்ளப்படும் புள்ளியை உச்சி என்பர் வானியலாளர். எமது பாடநூல்களிலே இப்புள்ளி ஒரு வரைவிலக்கணத்துடன் முடிந்துவிடுகின்றது. அரைவட்டம் ஒன்று வரையப்படும். அதன் அடியிலே நோக்குநர் ஒருவர் குறிக்கப்படுவார். அவருக்கு மேலே ஒரு புள்ளி இடப்படும். அந்நோக்குநர் யார், அவர் எந்நிலத்தில் நின்றார், எத்தேவை பற்றி மேலே நோக்கினார், 'நேர் மேலே' என்பதை எதனைக் கொண்டு தீர்மானித்தார் என்னும் வினாக்கள் அங்கு எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை எழுப்பி, வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவியல் வரலாறு பற்றிய எழுத்துக்களில் இருவகைப் போக்குகளை நாம் காண்கின்றோம். அறிவியல் யாவும் ஐரோப்பாவிலே தோன்றி ஏனைய நாடுகளுக்குக் கொடையாக வழங்கப்பட்டது என்பது ஒன்று. அனைத்தையும் எம் முன்னோர் என்றோ அறிந்திருந்தனர். பிறர் அதனைக் கவர்ந்து கொண்டனர் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு போக்குகளும் அடிப்படையில் ஒரே தவறையே செய்கின்றன. அறிவை உழைப்பினதும் தேவையினதும் விளைபொருளாகக் காணாது, ஓர் இனத்தின் பிறவிச் சொத்தாக இரண்டும் காண்கின்றன. உச்சி என்னும் எளிய கருத்தின் வரலாறு இவ்விரு போக்குகளையும் மறுப்பதற்குத் தக்க சான்றாக அமைகின்றது என நாம் கருதுகின்றோம்.

1. 'நேர் மேலே' என்பதன் பொருள்

தமிழிலே உச்சி என்னுஞ் சொல் தலையின் உச்சியையும் மலையின் உச்சியையும் வானத்தின் உச்சியையும் ஒருங்கே குறிக்கின்றது. நண்பகலை உச்சிப்பொழுது என்கின்றோம். கோயில்களிலே அவ்வேளைப் பூசை உச்சிக்காலப் பூசை எனப்படும். ஆயினும் நண்பகற் சூரியன் உண்மையாகவே உச்சியில் நிற்பது அரிதான நிகழ்ச்சியாகும். கடகக்கோட்டுக்கும் மகரக்கோட்டுக்கும் இடைப்பட்ட நாடுகளிலே ஆண்டில் இரு நாட்களில் மாத்திரமே அது நிகழும். அவ்வெல்லைகளுக்கு அப்பால் ஒருபோதும் நிகழாது. இலங்கையின் தென்கரையிலே ஏப்ரல் மாதம் 5 ஆந் திகதியளவிலும் வடமுனையிலே 15 ஆந் திகதியளவிலும் சூரியன் நண்பகலில் உச்சியைக் கடக்கின்றது. ஆகஸ்ற் மாத இறுதியிலும் செத்தெம்பர் மாத முற்பகுதியிலும், இம்முறை வடக்கிலிருந்து தெற்காக, அது மீண்டும் நிகழும். அந்நாட்களில் நிலத்தில் நாட்டிய கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

வானத்திலே உச்சியைக் காட்டும் அடையாளம் எதுவுமில்லை. அதனைக் காட்டுவது நிலமே. சுவர் எழுப்பும் கட்டடத் தொழிலாளி பயன்படுத்தும் தூக்குக்குண்டின் நூல் எத்திசையில் நிற்கின்றதோ அத்திசையை மேனோக்கி நீட்டினால் உச்சி கிடைக்கும்; கீழ்நோக்கி நீட்டினால் அதன் எதிர்ப்புள்ளி கிடைக்கும். வேறு எவ்வகையிலும் 'நேர் மேலே' என்பதை வரையறுத்தல் அரிது. புவி உருண்டையாதலால் உச்சி ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகும். வடக்குத் தெற்காக ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் நிற்கும் இருவரது உச்சிகள் வானத்திலே ஏறத்தாழ 32 விகலை விலகி நிற்கும். எனவே இருவரது உச்சிகளுக்கிடையிலான கோணத்தையும் அவர்களுக்கிடையிலான நிலத்தூரத்தையும் அளந்துவிட்டால் புவியின் சுற்றளவைக் கணித்தல் கூடும். பின்வரும் வரலாறு முழுவதற்கும் இவ்வெளிய கேத்திரகணித உண்மையே அடிப்படையாகும்.

2. எல்லைப்புற நகரொன்றின் நிழல்

இவ்வுண்மையைக் கொண்டு புவியை அளந்தோருள் முதன்மையானவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த எரற்றோஸ்தெனீஸ். அவருடைய நூல் அழிந்துவிட்டது. கிளியோமெடீஸ் முதலிய பிற்கால ஆசிரியர்களது கூற்றுக்களினாலேயே அவரது முறையை நாம் அறிகின்றோம். எகிப்தின் தென் எல்லையிலுள்ள சையீனிலே, இன்றைய அஸ்வானிலே, கோடைச் சூரியன் வடக்கே மிக உயரும் நாளின் நண்பகலில் நிழல் விழுவதில்லை. அதே வேளையில் அலெக்சாந்திரியாவிலே சூரியன் உச்சியிலிருந்து முழுவட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7 பாகை 12 கலை, விலகி நிற்கின்றது. இரு நகர்களுக்குமிடையிலான தூரம் 5000 ஸ்ரேடியம். ஆகவே புவியின் சுற்றளவு 250,000 ஸ்ரேடியம் என்பது அவர் கண்ட முடிபாகும்.

இவ்வரலாறு பொதுவாகத் தனியொருவரது மதிநுட்பத்தின் வெற்றியாகவே சொல்லப்படுகின்றது. அவரது மதிநுட்பம் மறுக்கற்பாலதன்று. ஆயின், சையீனின் நிழலை அலெக்சாந்திரியாவில் இருந்த ஒருவர் எவ்வாறு அறிந்தார்? சையீன் படைகள் தங்கிய எல்லைப்புற நகர். எகிப்தின் கட்டடங்களுக்கும் சிலைகளுக்கும் கருங்கல் வெட்டி அனுப்பிய கற்சுரங்கங்களின் இருப்பிடம். நைல் நதி வழியே வீரரும் கல்வெட்டுவோரும் படகோட்டிகளும் அதிகாரிகளும் இடையறாது போய்வந்தனர். 5000 ஸ்ரேடியம் என்ற எண்ணும் வானத்திலிருந்து வந்ததன்று. ஆண்டுதோறும் நைல் வெள்ளம் வயல் வரம்புகளை அழித்துச் செல்லும் நாட்டிலே, வரி அறவிடும் அரசுக்கு நில அளவையாளர் இன்றியமையாதவர். அத்தூரம் அரச அளவையாளர் மூலம் கிடைத்ததென்று பிற்கால ஆசிரியர் ஒருவர் குறிப்பிடுவது இப்பகைப்புலத்திலே பொருத்தமாகவே தோன்றுகின்றது. நூலகத்திலிருந்த அறிஞரின் கேத்திரகணிதமும், நதிக்கரை வழியே நடந்து அளந்த பெயரறியாதோரின் கால்களும் சேர்ந்தே அவ்வெண்ணை ஆக்கின.

அவ்வளவையிலே பிழைகளும் இருந்தன. சையீன் கடகக்கோட்டின் மீது சரியாக அமையவில்லை. அது சற்று வடக்கே உள்ளது. அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்காகவும் அது அமையவில்லை. ஏறத்தாழ 3 பாகை கிழக்கே விலகியுள்ளது. நிழலின்மை என்பது சையீனைச் சூழ 300 ஸ்ரேடிய அகலமான நிலப்பரப்பு முழுவதிலும் காணப்பட்டதாகக் கிளியோமெடீஸ் கூறுவதும் மனங்கொள்ளத்தக்கது. உச்சி புள்ளியேயாயினும், அன்று அதனை அளந்த கருவி அத்துணைப் பருமையானதாகவே இருந்தது.

3. பக்தாத்தும் தொலேடோவும்: சொல்லொன்றின் பயணம்

கி.பி. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பக்தாத்து நகரம் பல்வேறு அறிவு மரபுகளின் சந்தியாக விளங்கியது. 770 களில் இந்திய வானியலறிஞர் ஒருவர் கலீபா அல்-மன்சூரின் அவைக்கு வந்தார். அவர் வழியாக இந்திய சித்தாந்த வானியல் அரபு மொழியிற் புகுந்தது. பன்னிரண்டு அங்குல உயரமான சங்கினை நாட்டி அதன் நண்பகல் நிழலைக் கொண்டு சூரியன் உச்சியிலிருந்து விலகிய கோணத்தையும், அதன் வழியே ஊரின் அகலக்கோட்டையும் கணிக்கும் முறைகள் அச்சித்தாந்த மரபிலே விரிவாகப் பேசப்பட்டவை. கிரேக்க நூல்களும் விரைவிலே அரபுக்கு வந்தன. இவ்விரு மரபுகளையும் பெற்றுக்கொண்டோர் அவற்றை ஒப்பிட்டனர், ஐயுற்றனர், மீள அளந்தனர்.

கலீபா அல்-மஃமூன் (813–833) காலத்து அளவை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கிரேக்க நூல்கள் புவியின் அளவை ஸ்ரேடியத்திலே தந்தன. ஆனால் அவ்வலகின் நீளம் எவ்வளவு என்பதில் மொழிபெயர்ப்போரிடையே கருத்தொற்றுமை இருக்கவில்லை. பழைய எண்ணை நம்பியிருப்பதற்கு மாறாக, வட மெசொப்பொத்தேமியாவின் சிஞ்சார்ச் சமவெளியிலே அளவையாளர் குழுக்கள் அனுப்பப்பட்டன. ஒரு பாகை வேறுபாடு காணும்வரை ஒரு குழு வடக்கேயும் மற்றொன்று தெற்கேயும் அளந்து சென்றன. ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்பது அம்முயற்சியோடு தொடர்புபடுத்தப்படும் பெறுமானமாகும். நூலிற் கண்டதை நிலத்திலே சோதித்துப் பார்த்தல் என்னும் மனப்பாங்கு இங்கு தெளிவாக வெளிப்படுகின்றது.

சமயக் கடமைகளும் இவ்வாராய்ச்சிக்கு உந்துதலளித்தன. தொழுகை நேரங்கள் நிழலின் நீளத்தைப் பொறுத்தவை. தொழுகையின் திசையோ மக்காவைப் பொறுத்தது. நோக்குநர் ஒருவரது உச்சிக்கும் மக்காவின் உச்சிக்கும் உள்ள தொடர்பைக் கோள முக்கோணங்கள் வாயிலாகக் கண்டறிதல் கணிதவியலாளரின் பெரும் பணியாயிற்று. அல்-பிறூனி நகரங்களின் அமைவிடங்களைத் தீர்மானிப்பது பற்றி 1025 இல் எழுதி முடித்த நூல் இத்துறையின் உயர்ந்த சாதனைகளுள் ஒன்று. மக்காவின் உச்சியைச் சூரியன் ஆண்டில் இருமுறை கடக்கும் வேளையிலே, சூரியனைக் காணக்கூடிய எவ்விடத்திலும் நிழல் மக்காவுக்கு நேர் எதிர்த்திசையில் விழும் என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினரான நசீருத்தீன் தூசி எடுத்துக்காட்டினார். இன்றைய நாட்காட்டியில் மே மாத இறுதியும் யூலை மாத நடுப்பகுதியுமே அவ்வேளைகளாகும்.

அரபியர் உச்சியைத் 'தலையின் திசை' என்னும் பொருளில் 'சம்த் அர்-றஃஸ்' என்றனர். தமிழைப் போன்றே அரபும் தலையைக் கொண்டே வானத்தின் இவ்விடத்தைப் பெயரிட்டமை கவனிக்கத்தக்கது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தொலேடோ முதலிய ஸ்பானிய நகரங்களில் அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது 'சம்த்' என்பது இலத்தீன் எழுத்துக்களிலே பெயர்த்தெழுதப்பட்டது. பிரதி செய்தோர் அதிலுள்ள மகரத்துக்குரிய மூன்று கோடுகளை நகரமும் இகரமுமாகப் பிரித்து வாசித்தனர் போலும். 'செம்த்' என்பது 'செனித்' ஆயிற்று; அதுவே 'செனித்', 'சீனித்' என ஐரோப்பிய மொழிகளிலே நிலைத்தது. 1391 இல் கவிஞர் சோசர் வானளவிக் கருவி பற்றி எழுதிய ஆங்கில உரைநடை நூலிலே இச்சொல் இடம்பெற்றுள்ளது. அதே 'சம்த்' என்பதன் பன்மை வடிவமே திசைக்கோணத்தைக் குறிக்கும் 'அசிமத்' என்னும் சொல்லாயிற்று. எதிர்ப்புள்ளியைக் குறிக்கும் 'நாதிர்' என்பதும் அரபு மூலத்ததே. நாண் எனப் பொருள்படும் வடமொழி 'ஜ்யா' அரபிலே 'ஜீப' என ஒலிபெயர்க்கப்பட்டு, பின்னர் 'ஜைப்' என மாறி வாசிக்கப்பட்டு, மடிப்பு எனப் பொருள்படும் இலத்தீன் 'சைனஸ்' ஆன வரலாறும் இதனையொத்ததே.

இச்சொற்கள் எந்த ஓர் இனத்தினதும் தனிச்சொத்தல்ல. வாசிப்புப் பிழைகளையும் சுமந்துகொண்டே அவை கைமாறி வந்துள்ளன. தூய மூலம் ஒன்றைத் தேடுவோருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். மானிட அறிவு வளர்ந்த முறையை அறிய விரும்புவோருக்கோ இப்பிழைகளே சிறந்த ஆவணங்களாகும்.

4. மலை தூக்குநூலை ஈர்த்தமை

பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பிய வானியலில் உச்சி புதியதொரு முக்கியத்துவம் பெற்றது. வளிமண்டலம் விண்மீன்களின் ஒளியை முறிவடையச் செய்வதால் அவை உண்மையான இடத்திலிருந்து சற்று விலகித் தோன்றும். அடிவானத்தருகே இவ்விளைவு மிகப் பெரிது; உச்சியிலோ அது இல்லை. ஆகவே நுண்ணிய அளவைக்கு உச்சியினருகே செல்லும் விண்மீன்களே உகந்தவை. 1669 இல் இலண்டன் கிறஷாம் கல்லூரியிலே றொபேட் ஹூக் தமது இருப்பிடத்தின் கூரையையும் தளத்தையும் துளைத்து 36 அடி நீளமான தொலைகாட்டியை நிலைக்குத்தாக நிறுத்தியமை இக்காரணம் பற்றியே. இலண்டனின் உச்சியை அடுத்துச் செல்லும் விண்மீன் ஒன்றையே அவர் நோக்கினார். அதே விண்மீனைப் பின்னர் ஆராய்ந்த ஜேம்ஸ் பிறட்லி, அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 விகலை அளவு இருபுறமும் அசைவதைக் கண்டார். ஒளியின் வேகமும் புவியின் இயக்கமும் சேர்ந்து தரும் விளைவே அது என 1728 அளவிலே விளக்கினார். புவி சூரியனைச் சுற்றி இயங்குகின்றது என்பதற்குக் கிடைத்த முதலாவது நேரடிச் சான்று அதுவாகும்.

இத்தகைய நுண்மை கைகூடியதும் பழைய வினா ஒன்று மீண்டும் எழுந்தது. உச்சியைத் தீர்மானிப்பது தூக்குநூல். நியூற்றனின் ஈர்ப்புக் கொள்கைப்படி திணிவுள்ள யாவும் ஈர்க்கும். அவ்வாறாயின் பெரிய மலையொன்று தூக்குக்குண்டைத் தன்பால் ஈர்க்காதா? ஈர்த்தால் உச்சியே இடம்பெயர்ந்துவிடுமன்றோ? 1738 இல் தென்னமெரிக்காவின் சிம்பொறாசோ மலையருகே பிரெஞ்சு அறிஞர் பூகே இதனைச் சோதித்தார். ஆயினும் ஐயத்துக்கிடமற்ற பெறுபேறு 1774 இலேயே கிடைத்தது. ஸ்கொத்லாந்தின் ஷிஹாலியன் மலையின் வடபுறத்திலும் தென்புறத்திலும் நெவில் மஸ்கலீன் உச்சியளவுக் கருவியை நிறுவி விண்மீன்களை அளந்தார். விண்மீன்களின்படி இரு நிலையங்களுக்கும் இடையிலான அகலக்கோட்டு வேறுபாடு 54.6 விகலை, நிலத்தை அளந்து பெற்ற வேறுபாடு 42.9 விகலை. எஞ்சிய ஏறத்தாழ 11.6 விகலையும் மலையின் ஈர்ப்பினால் விளைந்தது. இவ்வெண்ணையும் மலையின் உருவ அளவையையும் கொண்டு சார்ள்ஸ் ஹட்டன் புவியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் நான்கரை மடங்கு எனக் கணித்தார். இன்று அறியப்படும் பெறுமானம் ஐந்தரை மடங்காகும்.

இதன் தத்துவார்த்த முக்கியத்துவம் பெரிது. தலைக்கு மேலுள்ள புள்ளி காலடியிலும் அருகிலும் உள்ள பாறையினால் தீர்மானிக்கப்படுகின்றது என்பது ஈண்டு அளவையினாலே நிறுவப்பட்டது.

5. இந்தியப் பேரளவையும் அதன் மாந்தரும்

இவ்வுண்மையின் அடுத்த அத்தியாயம் இந்தியாவிலே எழுதப்பட்டது. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தென்னிந்தியாவின் பெரும் நிலப்பரப்புக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆதிக்கத்துக்குட்பட்டது. கைப்பற்றிய நிலத்தை ஒழுங்கான படத்திலே கொண்டுவருதல் ஆட்சிக்கு இன்றியமையாததாயிற்று. இப்பின்னணியிலேயே, அப்போரிற் பங்குகொண்ட வில்லியம் லம்ப்டன் என்னும் படை அதிகாரி குடாநாட்டின் குறுக்கே முக்கோணங்களாலான அளவை வலையொன்றை அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1802 ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளமான அடிக்கோடு அளக்கப்படலாயிற்று. முக்கோணங்கள் தூரத்தைத் தந்தன. உச்சியளவுக் கருவி விண்மீன்களினின்றும் அகலக்கோட்டைத் தந்தது. நில அளவையாளர் ஏறிநிற்க உயர்ந்த இடம் தேவைப்பட்டபோது கோயில்களும் அதற்குப் பயன்பட்டன. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது அரைத் தொன் நிறையுள்ள பெரிய தியோடலைற்றுக் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. லம்ப்டன் தாமே அதனைச் செப்பனிட்டார்.

1823 இல் லம்ப்டன் இறந்தபின் பொறுப்பேற்ற ஜோர்ஜ் எவரெஸ்ற் அந்நெடுங்கோட்டு வில்லை இமயமலை அடிவாரம்வரை கொண்டுசென்றார். குமரிமுனையை அடுத்த இடத்தில் தொடங்கி ஏறத்தாழ 2400 கிலோமீற்றர் நீண்ட அவ்வில், அக்காலத்து அளவைகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று. இதன் வடபகுதியிலே சிக்கலொன்று தோன்றியது. மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும் இமயத்துக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தெற்கேயுள்ள கலியானாவுக்கும் இடையிலான அகலக்கோட்டு வேறுபாடு, முக்கோண அளவையின்படி 5 பாகை 23 கலை 42.294 விகலையாகவும் விண்மீன்களின்படி 5 பாகை 23 கலை 37.058 விகலையாகவும் இருந்தது. முரண்பாடு 5.236 விகலை, நிலத்திலே ஏறத்தாழ 160 மீற்றர். எவரெஸ்ற் இதனை அளவையிற் சேர்ந்த பிழையெனக் கருதிக் கணிப்பிலே பகிர்ந்து சரிசெய்தார்.

கல்கத்தாவிலே கிறித்தவ மதகுருவாகப் பணியாற்றிய கணிதவியலாளர் ஜோன் ஹென்றி பிறற் வேறுவிதமாகச் சிந்தித்தார். இமயம் கலியானாவின் தூக்குக்குண்டை வடக்கே ஈர்த்திருக்க வேண்டும். அதனால் உச்சி தெற்கே சாய்ந்திருக்க வேண்டும் என்றார். மலைகளின் திணிவை மதிப்பிட்டு 1855 இல் அவர் வெளியிட்ட கணிப்பின்படி ஈர்ப்பினால் விளையவேண்டிய வேறுபாடு 15.885 விகலையாகும். உண்மையிற் காணப்பட்டதோ அதன் மூன்றிலொரு பங்கு மாத்திரமே. பிழை இருக்கக் காரணம் என்ன என்ற வினா, பிழை ஏன் இத்துணைச் சிறிதாக உள்ளது என்ற வினாவாக மாறியது. கிறீன்விச் வானாய்வுநிலையத்தின் தலைவர் ஜோர்ஜ் எயரி அதே ஆண்டில் விடையொன்றை முன்வைத்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் மேலே உயர்ந்து தோன்றுவது கீழேயும் ஆழமாக அமிழ்ந்திருக்கும். அவ்வாறே உயர்ந்த மலைகள் தம் கீழே இலேசான பாறையாலான ஆழ்ந்த வேர்களைக் கொண்டுள்ளன. அவ்வேரின் குறைந்த அடர்த்தி மலையின் ஈர்ப்பைப் பெரிதும் ஈடுசெய்கின்றது என்பது அவர் கருத்து. மலைகளின் கீழுள்ள பாறையின் அடர்த்தி இடத்துக்கிடம் வேறுபடுவதே காரணம் எனப் பிறற் 1859 இல் மாற்று விளக்கம் தந்தார். புவியோட்டின் இச்சமநிலைக் கருத்து இன்றைய புவியியற்பியலின் அடிப்படைகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

இவ்வரலாற்றிலே எவரெஸ்ற், பிறற், எயரி ஆகிய பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆயின் 5.236 விகலை என்ற எண்ணை ஆக்கியோர் இவர்கள் மாத்திரமல்லர். கருவிகளையும் கூடாரங்களையும் சுமந்த கலாசிகள், கொடி ஏந்தியோர், இரவிலே விளக்கேற்றிக் காத்திருந்தோர் எனப் பெருந்தொகையானோர் அதில் உழைத்தனர். மலைக்காய்ச்சல் அவர்களுட் பலரைக் கொன்றது. பார்வைக் கோட்டை மறைத்த மரங்கள் வெட்டப்பட்டன; சில இடங்களிலே குடியிருப்புகளும் அகற்றப்பட்டன. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொசின் ஹுசைன் என்ற கைவினைஞர் நுண்கருவிகளைப் பழுதுபார்த்தும் புதுக்கியும் அளவையின் கருவியாக்குநர் பதவிவரை உயர்ந்தார். கல்கத்தா இந்துக் கல்லூரியிலே டிறோசியோவின் செல்வாக்குக்குட்பட்ட ராதாநாத் சிக்தார் 1831 இல் கணிப்பாளராகச் சேர்ந்து, பின்னர் தலைமைக் கணிப்பாளரானார்.

1843 இல் டெராடூனிலே ஆங்கிலேய நீதவான் ஒருவர் அளவைப் பகுதியின் தொழிலாளரைத் தமது சுமைகளைச் சுமக்கும்படி கட்டாயப்படுத்தியபோது சிக்தார் அதனை எதிர்த்து நின்றார். அதற்காக அவருக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வழக்கின் விவரம் வங்காளப் பத்திரிகையொன்றில் வெளியாகி மக்கள் கவனத்தை ஈர்த்தது. 1851 இல் வெளிவந்த நில அளவைக் கைந்நூலின் கணிதப் பகுதிகளுக்கு அவரது பங்களிப்பு அதன் முன்னுரையிலே நன்றியுடன் குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் 1870 இல் காலமானார். 1875 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலே அக்குறிப்பு நீக்கப்பட்டிருந்தது. வானத்தின் உச்சியை விகலையின் ஆயிரத்திலொரு பங்குவரை எழுதிவைத்த நிறுவனம், அவ்வெண்ணைக் கணித்தவரின் பெயரைப் பக்கத்திலிருந்து அழிப்பதற்குத் தயங்கவில்லை.

6. மையமும் சாய்ந்ததே

இவ்வரலாற்றுக்குப் பிற்குறிப்பொன்றும் உண்டு. எயரி கிறீன்விச்சிலே நிறுவிய நெடுங்கோட்டுக் கருவி 1851 முதல் இயங்கியது. 1884 இல் வாஷிங்ரனில் நடைபெற்ற சர்வதேச மாநாடு அக்கருவியூடாகச் செல்லும் கோட்டையே உலகின் சுழிய நெடுங்கோடாக ஏற்றது. பிரித்தானியப் பேரரசின் தலைநகரம் உலக அளவையின் மையமாயிற்று. ஆயின் இன்று செய்மதிகளைக் கொண்டு இடங்காணும் கருவியுடன் அங்கு செல்வோர், சுழிய நெடுங்கோடு அக்கருவிக்கு 102 மீற்றர் கிழக்கே அமைவதைக் காண்கின்றனர். இதன் காரணம் 2015 இல் வெளியான ஆய்வொன்றிலே விளக்கப்பட்டது. எயரியின் கருவி உள்ளூரின் நிலைக்குத்துத் திசையை ஆதாரமாகக் கொண்டது. கிறீன்விச்சின் அடிநிலத்திலும் திணிவு சீராகப் பரந்திருக்கவில்லை. ஆகவே அங்கும் உச்சி சற்றுச் சாய்ந்திருந்தது. நெடுங்கோட்டில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 5.3 விகலையாகும். கலியானாவின் முரண்பாட்டை விளக்கிய அறிஞரின் சொந்தக் கருவியும், வேறொரு திசையிலாயினும், அத்தகைய விலகலுக்கு உட்பட்டிருந்தது. குடியேற்ற நாட்டின் அளவையிலே காணப்பட்டது பிழையெனவும் மையத்தின் கோடு நியமமெனவும் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. நிலம் அவ்வேறுபாட்டை அறியாது.

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, உச்சி பற்றிய அறிவு எவ்வோர் இனத்தினதும் தனிப்படைப்பன்று. எகிப்திய எல்லைப்புறம், இந்தியச் சங்கு, சிஞ்சார்ச் சமவெளி, தொலேடோவின் பிரதிமேசை, ஸ்கொத்லாந்தின் மலை, இந்தியப் பேரளவை யாவும் அதில் இடம்பெறுகின்றன. இரண்டாவதாக, அவ்வறிவு எங்கும் சமூகத் தேவைகளினின்றே எழுந்தது. வரி, சமயக் கடமை, கப்பற்பயணம், ஆக்கிரமிப்பு ஆகியவற்றின் சாயல் அதிற் படிந்துள்ளது. மூன்றாவதாக, தேவை கேள்வியைத் தூண்டலாம். விடையைக் கட்டளையிட அதனால் இயலாது. நிலத்தை ஆள விரும்பியோர் இமயத்தின் வேர்களைத் தேடவில்லை. நேர்மையாக அளக்கப்பட்ட முரண்பாடே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. இதனாலேயே அறிவியலை ஆதிக்கத்தின் கருவி என்று மாத்திரம் கூறி ஒதுக்குவதையும் நாம் ஏற்க இயலாதவராயுள்ளோம்.

மேலுள்ளதைக் கீழுள்ளது தீர்மானிக்கின்றது என்பதைக் கொண்டு, சமுதாயத்தின் அடித்தளம் மேற்கட்டுமானம் பற்றிய கோட்பாட்டுக்கு இயற்கையே சான்று பகர்கின்றது எனச் சிலர் கூற விழையலாம். அத்தகைய ஒப்புமை கவர்ச்சியானது. ஆயினும் ஆய்வுக்கு மாற்றாகாது. தூக்குநூலின் சாய்வை அளந்தே அறிந்தனர். சமுதாயத்தின் சாய்வுகளையும் அவ்வாறே அளந்து அறிதல் வேண்டும்.

எமது பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்பாடம் மீண்டும் கற்பிக்கப்படும்போது, ஏப்ரல் மாதத்து நண்பகலொன்றில் மாணவரை வெளியே அழைத்துச் சென்று கம்பொன்றை நாட்டி நிழல் ஒடுங்குவதைக் காட்டுதல் நன்று. அக்கம்பை நிமிர்த்தி நிறுத்தத் தூக்குக்குண்டு தேவைப்படும். அதனைப் பயன்படுத்த நன்கறிந்தவர் அயலிலுள்ள கட்டடத் தொழிலாளியாகவே இருப்பார். பாடத்தை அவரிடமிருந்து தொடங்குவது வரலாற்றுக்கும் பொருந்தும்.